மேஜையில் மிஞ்சிய துண்டு

மூலக்கூறுகளைச் சுழற்றிப் பிரித்து அளக்கும் கருவிக்குள் சுழலி நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்றுச் சுற்றுகிறது. மூடிமேல் கைவைத்தால், பொத்திய கைக்குள் வண்டு துடிப்பதுபோல் ஓர் அதிர்வு மட்டும் தெரிகிறது. எட்டு மாதம் பாடுபட்டுச் செய்த பாலிமரின் கடைசிச் சொட்டு, டொலுயின் என்ற கரைப்பானில் கரைந்து உள்ளே இருக்கிறது. மூலக்கூறுகள் ஒதுங்க ஒதுங்கத் திரையில் மெல்ல நகர வேண்டிய கோடு சட்டென்று தரையோடு படுத்துவிடுகிறது. கருவியை இயக்குபவள் மேஜையைத் திரும்பிப் பார்க்கிறாள். சுழலிக்குள் தன் துளையில் கரைசலை ஏந்தியிருக்க வேண்டிய அலுமினியத் துண்டு, ஜன்னல் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. பழக்கதோஷத்தில் கை எடுத்துப் பூட்டியது தண்ணீர்க் கரைசலுக்கான பிளாஸ்டிக் துண்டை. டொலுயினில் அது உப்பி வழிவிட்டிருக்கும். ஒழுகியதைக் கருவிக்குள்ளிருக்கும் வெற்றிடம் உறிஞ்சியிருக்கும். நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறாள். சுழற்சி முழுதும் அடங்காமல் மூடி திறக்காது. திறந்தாலும் அள்ள ஒன்றுமில்லை. பாலிமரைச் செய்த இளையவள், காலிக் குப்பியை மார்போடு அணைத்தபடி திரையை எட்டிப் பார்க்கிறாள். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? கோடு நேரா வந்திருக்கு, நல்லதுதானே அக்கா?" மோட்டாரின் சத்தம் படிப்படியாகத் தணிகிறது. இளையவள் அந்த அலுமினியத் துண்டை எடுத்து வெயிலுக்குக் காட்டி, அதன் துளை வழியே பார்த்துச் சிரிக்கிறாள். "இது மட்டும் மிச்சமா கிடக்கே அக்கா, எங்க போடணும்?"