மூன்றாவது மொழி

"தமிழ் வந்துட்டுது. இங்கிலீசும் இருக்கு. சிங்களத்தையும் போட்டு விடு, தம்பி."

கஜனின் கை கீபோர்டிலிருந்து எழுந்துவிட்டது.

"என்னம்மா சொன்னீங்கள்?"

"சிங்களம். அதிலயும் டைப் பண்ணுற மாதிரிச் செய்து தா."

மண்டபம் அகதி முகாமில் அவர்களுக்கு ஒரே அறைதான் வீடு. முந்தாநாள்தான் அம்மா குணபூஷணி கம்ப்யூட்டர் வேண்டுமென்று கேட்டாள். காரணம் சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் தான் வேலை பார்க்கும் கடையில் மூலையில் கிடந்த பழையது ஒன்றை, முதலாளியிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தான் கஜன்.

"அது அப்பாவைச் சுட்டவங்கட பாசை, அம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டா கேக்கிறீங்கள்?"

"ஓம்."

"அதில ஒரு எழுத்தாவது உங்களுக்குத் தெரியுமா?"

"எழுதவும் தெரியும், கதைக்கவும் தெரியும். கொஞ்சம் பிழை வரும்."

கஜனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்தும் இது அவனுக்குத் தெரியாது.

"எப்ப படிச்சீங்கள்?"

அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா இருந்தால் இதைக் கேப்பீங்களா? வெக்கமா இல்லையா அம்மா உங்களுக்கு?"

அவன் குரல் பக்கத்து வீடு வரைக்கும் போனது. அம்மாவிடம் அவன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அவள் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை.

"என்னைப் பிறகு ஏசு. இப்ப போடு, தம்பி. அவசரம்."

"நான் போட மாட்டன்."

அப்போது வாசலில் குரல் கேட்டது.

"அக்கா..."

மீனம்மாள். முகாமுக்கு மீன் விற்க வருகிறவள். இன்று தலையில் கூடை இல்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. போன வாரம் அடித்த காற்றில் அவள் புருஷன் வீரமணி போன நாட்டுப்படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தித் தப்பினார்கள். வீரமணி வரவில்லை.

"வா, மீனம்மா. இப்படி இரு."

மீனம்மாள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"போட்டாச்சாக்கா?"

"தம்பி போட்டுக்கொண்டிருக்கிறான்."

கஜன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"புத்தளம் பக்கம் ஒதுங்கிருக்காம், தம்பி" என்றாள் மீனம்மாள். "அங்கன ஆஸ்பத்திரியில வச்சிருக்காகளாம். சட்டையப் போட்டோ எடுத்து அனுப்புனாக. அவுக சட்டைதான். இங்கிட்டு ஆபீசருகளும் எழுதிக்கிட்டுத்தான் இருக்காக. ஆனா நாளாச்சுன்னா புதைச்சிருவாகளாம். அந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்குற ஒரு மனுசன்தான், 'சம்சாரத்த அடையாளம் எழுதி அனுப்பச் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் சொல்லி வச்சிருக்கேன்'னு சொல்லியிருக்காரு. அவருக்குச் சிங்களந்தான் தெரியுமாம்."

கஜன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

செட்டிங்ஸுக்குள் போனான். மொழியைச் சேர்த்தான். தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தவை ஒவ்வொன்றாக வளைந்த எழுத்துகளாக மாறின.

"இந்த ரெண்டு பட்டனையும் சேர்த்து அமத்தினால் பாசை மாறும், அம்மா" என்றான் மெதுவாக.

குணபூஷணி உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்தினாள்.

"உடம்பில என்ன அடையாளம், மீனம்மா?"

"நெஞ்சுல மக பேரப் பச்ச குத்திருக்காக. சிநேகான்னு."

அம்மா அடித்தாள்.

"வேற?"

"எடது கால்ல சுண்டுவிரல் இருக்காதுக்கா. திருக்கை முள்ளு குத்திப் புரையோடி எடுத்தது."

அதையும் அடித்தாள். ஒரு எழுத்து பிழையாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

"கடைசியா என்ன எழுத?"

மீனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புதைச்சிராதீகன்னு எழுதுங்கக்கா. அவுக எம் புருசன், எங்கிட்டக் குடுத்துருங்கன்னு எழுதுங்க. பிள்ளை ஒருக்கா மொகத்தப் பாக்கணும்."

இந்த வரிக்கு மட்டும் அம்மா தடுமாறவில்லை. யோசிக்கவும் இல்லை. கடகடவென்று அடித்து முடித்தாள்.

மீனம்மாள் கொண்டுவந்திருந்த ஈமெயில் விலாசத்துக்குக் கஜன் அனுப்பி வைத்தான். மீனம்மாள் குணபூஷணியின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "வாரேன்க்கா" என்று எழுந்து போனாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா" என்றான் கஜன். "எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால், எப்படிச் சிங்களம் தெரியும் எண்டு கேப்பாய். அதுக்குப் பயந்துதான்."

"எப்படித் தெரியும்?"

குணபூஷணி திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உன்ர அப்பாவை நாங்கள் முறையா எரிச்சனாங்கள் எண்டு உனக்குச் சொன்னது பொய், தம்பி. வெடி பட்ட மனுசனை சிங்களப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்கள். நான் போய்ச் சேர முதல் உயிர் போயிட்டுது. பிரேத அறை வாசலில நிண்டன். உள்ளதான் கிடந்தார். அவங்கள் என்னவோ கேட்டாங்கள். ஆர் எண்டு கேட்டாங்களோ, போ எண்டு சொன்னாங்களோ, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அழ மட்டுந்தான் தெரிஞ்சுது. ஆருமில்லாத பிணம் எண்டு அவங்களே புதைச்சுப் போட்டாங்கள்."

கஜன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இங்க வந்த பிறகு, சிங்களம் தெரிஞ்ச ஒரு மலைநாட்டு மனுசியிட்ட நான் முதல்முதல் கேட்டுப் படிச்ச வசனம், 'இவர் என்ர மனுசன், என்னட்டத் தாங்கோ.'"