ஜெபராணியின் சிக்னல்

கட்டட வேலையில் கிரேனுக்குக் கையால் சிக்னல் காட்டுவதற்கான மூன்று நாள் பயிற்சி, பரீட்சை, கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாம் முறைப்படிதான். ஆனாலும் ஜெபராணிக்கு முதல் நாளே உறுத்தியது. இறக்கச் சொல்லி அவள் விரலைச் சுழற்றுவதற்கு ஒரு நொடி முன்பே கிரேன் இறக்கிவிடுகிறது. டீ குடிக்கக் கீழே வந்த ஆபரேட்டரிடம் கேட்டாள்.

"நீ காட்டுனதத்தாம்மா செஞ்சேன்," என்றார் அவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் கம்பிக்கட்டு அந்தரத்தில் வரும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கட்டு நிற்கவில்லை. நிதானமாகத் திரும்பி, இறங்க வேண்டிய இடத்துக்கே இறங்கத் தொடங்கியது. அது விழுந்து யாராவது செத்தால் பதில் சொல்ல வேண்டியவள் இவள். சட்டென்று திரும்பினாள். செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் ஆவுடையப்பன் நின்றிருந்தார். பதினேழு வருஷம் இங்கே சிக்னல் காட்டியவர்; பரீட்சையில் தோற்று இப்போது கல் சுமக்கிறார். தொடையோரம் அவருடைய சுட்டுவிரல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

யார் நிறுத்தச் சொன்னாலும் கிரேன் நின்றாக வேண்டும் என்பது வகுப்பில் முதல் பாடம். அவள் கிரேனைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினாள்.

கட்டு அப்படியே நின்றது.

மூச்சு விட்டுத் திரும்பினாள். தொடையோரம் ஆவுடையப்பனின் உள்ளங்கை விரிந்திருந்தது.