தானாக நிற்கும் மைக்

“டோமினிக், உன் மிஷின் இன்னிக்கும் என் மானத்த வாங்கிடுச்சி!”

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக, காலை எட்டு மணிக்கு அதே போன். பேசியவர் அருள்பிரகாசம். மரக்காணம் பக்கத்து உப்பளக் கிராமம் ஒன்றில் கோயில் கமிட்டிச் செயலாளர்.

“மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சிங்களா?”

“நான் மைக்கப் புடிச்சி லிஸ்ட்ல ரெண்டு பேரக்கூடப் படிக்கல, பொட்டுனு போயிடுச்சி. பசங்கல்லாம் சிரிக்கிறானுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணல, பெருவிழா ஒம்பது நாளைக்கும் வேற ஆளப் பாத்துக்குவேன்!”

டோமினிக் போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். கீழ்புத்துப்பட்டில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிற அவனுக்கு, அந்தப் பெருவிழாதான் வருஷத்திலேயே பெரிய வேலை.

கோயில் ஆம்ப்ளிஃபயரை அணைக்க மறந்து இரண்டு தடவை எரித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். “ஆட்டோமேட்டிக்கா ஏதாவது பண்ணுப்பா” என்று கேட்டதும் இதே அருள்பிரகாசம்தான். டைமர் சுவிட்ச் பொருத்தி, போனிலேயே நேரம் வைக்கிற மாதிரி செய்து கொடுத்தான். காலை செபத்துக்கு, சாயங்கால செபமாலைக்கு, ஞாயிறு பூசைக்கு என்று தானாகப் போட்டுக்கொள்ளும், தானாக அணைந்துகொள்ளும்.

வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காக ஓடியது. ஞாயிறு மட்டும், பூசை முடிந்து பங்குச் சாமியார் அடுத்த ஊர்ப் பூசைக்குக் கிளம்பியதும், அருள்பிரகாசம் மைக்கைப் பிடிக்கிற நேரம் பார்த்து நின்றது.

முதல் வாரம் ஒயரை மாற்றினான். இரண்டாம் வாரம் சுவிட்சையே மாற்றினான். இனி மாற்றுவதற்கு அவனைத் தவிர எதுவும் பாக்கியில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்து, போனில் அந்த ஆப்பின் பழைய கணக்கையெல்லாம் புரட்டினான். எப்போது, எந்தப் போனிலிருந்து அணைத்தார்கள் என்று அதில் வரிசையாக இருந்தது. மூன்று ஞாயிறும் ஏழு நாற்பதைத் தாண்டியவுடன், டைமர் அல்ல, இன்னொரு போனிலிருந்து யாரோ அணைத்திருக்கிறார்கள்.

அந்த மிஷினோடு சேர்ந்திருந்தது இரண்டே போன். ஒன்று அவனுடையது. “எனக்கு இந்த ஆப்பெல்லாம் ஒத்துவராது, வூட்டுக்காரி போன்ல போட்டுடு” என்று அருள்பிரகாசம் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது.

நேராக அவர் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி இன்னாசிமேரி கதவைத் திறந்தாள்.

“அண்ணன் குளிக்கிறாரு. உக்காருப்பா.”

“உக்கார வரலக்கா. மைக்க நிறுத்துறது நீங்கதானே?”

அவள் மறுக்கவில்லை. “ஆமாம்பா.”

“இன்னாக்கா இது! மூணு வாரமா பெட்ரோல் போட்டு ஓடியாந்து திட்டு வாங்கறேன். என் பொழப்பு போவப் போவுது!”

“அவரு இன்னா படிக்கிறாருன்னு தெரியுமா உனக்கு?”

“பூசைக்கு வராதவங்க பேருன்னு சொன்னாரு.”

“பதினாலு பேரு. அத்தினியும் பொம்பளைங்க. கோபுரத்து ஸ்பீக்கர் உப்பளம் வரைக்கும் கேக்குது. அங்க உப்பு வாரிக்கிட்டு நிக்கும்போது, ‘லிடியா, நாலு வாரமா பூசைக்கு வரல, தெய்வ பயம் கிடையாது’ன்னு அவ காதுலயே வுழுது. போன மாசம் கூடையப் போட்டுட்டு வரப்புலயே உக்காந்து அழுதிருக்கா.”

“வேலைக்குப் போனவங்க எப்பிடிக்கா வருவாங்க? அண்ணன்கிட்ட எடுத்துச் சொல்றதுதானே?”

“சொல்லாமயா இருந்திருப்பேன்?” அவள் உள்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “நீ வெளியூரு. உனக்குத் தெரியாது. அவருகிட்ட சொல்றதுன்னா சொல்லிக்கோ, நான் தடுக்கல.”

தோளில் துண்டோடு அருள்பிரகாசம் வந்துவிட்டார்.

“இன்னாடா, கண்டுபிடிச்சியா இல்லியா?”

டோமினிக் கையிலிருந்த போனைப் பார்த்தான். இதை நீட்டினால் போதும். அவனுக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. இன்னாசிமேரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கண்டுபிடிச்சிட்டேங்க” என்றான். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். “மேல ஸ்பீக்கருக்குப் போற லைன் உப்புக் காத்துல அரிச்சிப் போயிருக்குது. பூசை முடியற வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல ஓட்டினா ஆம்ப்ளிஃபயர் எரிஞ்சிடும். ஏழு நாப்பதுக்குத் தானா நிக்கிற மாதிரி வெச்சிடறேன்.”

“அப்ப நான் பேர் படிக்கிறது?”

“உள்ள இருக்கறவங்களுக்கு மைக் இல்லாமயே கேக்குங்க.”

“வெளிய இருக்கறவளுங்களுக்குத்தான்டா படிக்கிறதே!” அருள்பிரகாசத்தின் முகம் சிவந்தது. “தொழில் தெரியாதவன்கிட்ட குடுத்தது என் தப்பு. பெருவிழாவுக்குப் பாண்டியிலேர்ந்து ஆள் வெச்சிக்கிறேன். நீ கெளம்பு.”

டோமினிக் வெளியே வந்தான். பைக் மூன்று உதைக்கும் கிளம்பவில்லை. முன்னப்பின்ன பார்க்காத யாரோ ஒரு லிடியாவுக்காக ஒன்பது நாள் வேலையைத் தூக்கிக் கொடுத்த தன்னையே திட்டிக்கொண்டு நாலாவது தடவை உதைக்கக் காலைத் தூக்கினான்.

உள்ளே போன் மணி அடித்தது. அருள்பிரகாசத்தின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

“இன்னா மேஸ்திரி, லிடியாவுக்கா? நாளைக்குப் பூசைக்குப் போவணுமாமா? தாராளமா போவச் சொல்லு. திங்கக்கிழமையிலேர்ந்து என் உப்பளத்துப் பக்கம் வேலைக்குன்னு வர வேணாம்னும் சேத்துச் சொல்லிடு!”