பத்து மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸின் மூன்றாம் மாடி வராந்தாவில் மண்டியிட்டு, திருட்டு முழி முழித்தபடி, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பை உரித்துக்கொண்டிருந்தார் சுதர்சன். உரித்ததை ஒரு டைல் முன்னால் தள்ளி ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி காப்பி குடிக்க உள்ளே போனார்.

இத்தனைக்கும் மனுஷன் ஃபேக்டரியில் அளவு சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர்! நூலளவு வித்தியாசம் என்றாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். "அளவு தப்பினா அப்பா வேலையே போயிடும்டா" என்று சாப்பிடும்போது மகன் வினய்யிடம் பீற்றிக்கொள்ளாத நாளே கிடையாது.

வினய்க்கு ஒன்பது வயது. தசைச்சிதைவு நோய். மாதம் ஒருமுறை வீட்டிலேயே பத்து மீட்டர் ஓடவிட்டு, நேரத்தை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் பிசியோதெரபிஸ்ட் நஸ்ரின்.

"பத்து செகண்டைத் தாண்டிட்டா, ஒண்ணு ரெண்டு வருஷத்துல நடை நின்னுபோக வாய்ப்பு அதிகம். வீல்சேருக்கு இப்பவே மனசைத் தயார் பண்ணிக்கணும்" என்று அவர் உடைத்தே சொல்லிவிட்டார்.

எட்டில் இருந்த நேரம் ஜனவரியில் ஒன்பதைத் தொட்டது. டாக்டர் மருந்தை மாற்றினார். வினய்யின் அம்மா சுபாஸ்ரீ இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெண்டாட்டி அழுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சுதர்சன் இந்தத் திருட்டுத்தனத்தில் இறங்கினார். மஞ்சள் டேப் ஒட்டிய ஆரம்பக் கோட்டில் மாதம் ஒரு டைல் குறைப்பு. இன்றோடு நாலு டைல், ஏறக்குறைய இரண்டரை மீட்டர்!

காப்பி குடித்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, வினய் வழக்கம்போல முந்திக்கொண்டு வந்து, வராந்தாவின் அந்தக் கோடியில் தரையில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். சுதர்சன் அவனைத் தூக்கி நிறுத்தி, ஆரம்பக் கோட்டுக்கு அழைத்து வந்தார். ஆரம்பக் கோடு அவர் பொறுப்பு. முடிவுக் கோட்டில் போனும் கையுமாக நிற்பது சுபாஸ்ரீ.

அந்தக் கோடியில் இருந்த கடைசி வீட்டு ஜம்புநாதன் கதவைத் திறந்தார். முப்பது வருஷமாக ஹைதராபாத்வாசி.

"என்னம்மா, உங்க ரேஸ் எங்க வாசலுக்கே வந்துடுச்சு? செருப்பு ஸ்டாண்டையே உள்ள தூக்கி வைக்க வேண்டியதாப் போச்சு. நக்கோம்மா, நக்கோ! இதெல்லாம் வேண்டாம்!"

"சாரி அங்கிள்! பத்தே செகண்ட்!" என்று இங்கிருந்தே கத்தினான் வினய்.

சுதர்சனுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. "ரெடி... ஓடு!"

வயிற்றை முன்தள்ளி, நுனிக்காலில் ஆடி ஆடி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான் வினய்.

"ஒன்பது புள்ளி ஒண்ணு! ஏங்க, ஏறவே இல்லைங்க!" சுபாஸ்ரீ மகனைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். அதே வேகத்தில் கேசரி கிளறப் போய்விட்டாள்.

சுதர்சன் மனசுக்குள் நிஜக் கணக்கைப் போட்டார். பத்து மீட்டரும் ஓடியிருந்தால் பன்னிரண்டு விநாடி! நாளைக்கு ஆஸ்பத்திரியில் டெஸ்ட். நாலு மாதமாக அவளை நம்பவைத்துவிட்டு, ஒரே நாளில் தலையில் கல்லைத் தூக்கிப் போடப்போகிறோமே என்று துடித்துப்போனார். சுபாஸ்ரீ நீட்டிய கேசரியை வினய் தட்டிலேயே கொட்டினார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நஸ்ரின் விசில் ஊதினார். சுதர்சன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஒன்பது புள்ளி ரெண்டு!" என்றார் நஸ்ரின். "வீட்டு நோட்டுலயும் கிட்டத்தட்ட இதேதான் இருக்கு. புது மருந்து நல்லா பிடிச்சிருக்கு சார். இப்போதைக்கு வீல்சேர் பேச்சே வேண்டாம்."

சுதர்சன் சட்டென்று கண்ணைத் திறந்தார். "மேடம்... உங்க கோட்டுல ஏதோ தப்பிருக்கு."

பையிலிருந்து இரும்பு டேப்பை உருவினார். அத்தனை பேர் பார்க்க மண்டியிட்டு அளந்தார். இம்மி பிசகாமல் பத்து மீட்டர்.

"எழுந்திரிங்க, மானத்தை வாங்காதீங்க!" என்று சீறினாள் சுபாஸ்ரீ.

அவர் எழுந்திருக்கவில்லை. அளவுடேப்பைக் கையில் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வினய் மெல்ல வந்து, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அம்மாவுக்குக் கேட்காமல் கிசுகிசுத்தான்.

"நீங்க மாசாமாசம் ஒரு டைல் தப்பா ஒட்டிடுறீங்கப்பா... உங்க வேலை போயிடக் கூடாதேன்னு, நான்தான் அந்தப் பக்கக் கோட்டை ஒரு டைல் தள்ளி ஒட்டிடுவேன்!"