பேசக் கூடாத தேர்வு

"வாயத் திறந்தே, அப்பவே ஃபெயில். புரியுதா?" என்றார் ஒதேரா.

அவினோ வாயைத் திறக்காமலே "ம்" என்றாள். ஒதேரா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் கணினியில் செய்து அனுப்பியிருந்த வேதியியல் சோதனையைத் திறந்தார்.

ஒதேரா என்ற பேரைக் கேட்டாலே அந்தப் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர் ஓடி ஒளிவார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை அவளைத் திருப்பி அனுப்பிய மனிதர். இன்றும் தவறினால் இந்தப் பருவத்துப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது என்று அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பிறகு கிசுமு ஊரை விட்டே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"போன தடவ என்ன செஞ்சே? 'படத்தைப் பார்க்கவும்'னு ஒத்த வரி. அதெல்லாம் ஒரு விளக்கமா?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவினோ அதை எச்சிலோடு விழுங்கினாள்.

"எனக்குப் பக்கத்துல நின்னு நீ எடுத்துச் சொல்லக் கூடாது. இது தனியா நிக்கணும். அதான் பேசாதேங்கிறேன்."

பக்கத்து அறை நெகேசா, தேநீரும் எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரமும் கொண்டுவரும் சாக்கில் எட்டிப் பார்த்தாள். அவினோவின் காதருகே குனிந்தாள். "என்னடி, பல்லு புடுங்க உக்காந்த மாதிரி இருக்கே? போன வாரம் பிசிக்ஸ்ல ஒருத்தர இவரு அழ வெச்சு அனுப்பினாராம். நீ தின்னுட்டு அழு."

"யாரது குசுகுசுங்கிறது?"

நெகேசா தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

ஒதேராவின் விரல்கள் விசைகளின் மேல் தடதடவென்று ஓடின. அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் இடம் வந்ததும் சட்டென்று நின்றன. நெற்றியைச் சுருக்கினார். விசையைத் தட்டிச் சோதனையில் பின்னால் போனார், மறுபடி அதே இடம், மறுபடி பின்னால்.

அவினோ நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். அந்த இடத்தில் வரும் பொத்தானுக்கு, ஹெட்போனில் ஒலிக்கும்படி பெயர் கொடுத்தோமா, மறந்துவிட்டோமா? நேற்று மின்சாரம் போனபோது அது அழிந்து தொலைந்திருக்குமோ? ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும், ஆனால் அந்த ஒரு வார்த்தையே அவள் கதையை முடித்துவிடும்.

"இத ஏன் திரும்பத் திரும்பப் போடுறேன்னு தெரியுதா?"

அவள் பயத்தோடு தலையை ஆட்டினாள்.

ஒதேரா காத்திருந்தார். அவர் முகம் கடுகடுவென்று ஆனது. "கேட்டா பதில் வேணாமா?"

"நீங்கதான்... பேசக் கூடாதுன்னீங்க..." போச்சு, வாயைத் திறந்தாகிவிட்டது, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒதேரா ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்தார். வெளியே மட்டாட்டு மினிபஸ்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு சொட்டுக்கும் சத்தம் ஏறிக்கிட்டே போயி, நிறம் மாறுற எடத்துல மணி அடிக்குது பாரு. அது புடிச்சுப் போச்சு. அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாஸ்."

அவினோ அழுதேவிட்டாள். கையில் அகப்பட்ட மண்டாசியைக் கடித்துக்கொண்டே அழுதாள்.

ஒதேரா நாற்காலிக்கு அடியில் துழாவி, மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோலை எடுத்து விரித்தார். எழுந்தவர் போகவில்லை.

"ஸ்கூல் முடிச்சப்போ நான் கெமிஸ்ட்ரிதான் கேட்டேன். கண்ணு தெரியாத உன்னால ஆகாதுன்னுட்டாங்க."

அதுவரை அதட்டிக்கொண்டிருந்த குரல் இப்போது தணிந்திருந்தது.

"டீச்சர், உங்க கிளாஸ்ல என்னையும் சேத்துக்குவீங்களா?"