காவ் மை மா

“காவ் ஜா மா. அவர் வருவார்” என்று எழுதி, ராதிகா நோட்டை நீட்டினாள்.

அண்ணி நொக் சிரித்தாள். “எழுத்து நல்லாத்தான் கீது. வாயால சொல்லு.”

சொன்னாள். குரல் பிசிறியது.

பாங்காக் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அண்ணன் வீரமுத்து அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் நொக். இரண்டு வருஷத்தில் மூங்கில்துறைப்பட்டுத் தமிழ் அவளுக்கு வந்துவிட்டது. இப்போது ஏழு மாத வயிறு. அண்ணனின் கரும்புக்கொல்லை வீட்டுக்குத் தினமும் வந்து ராதிகா தாய்லாந்துப் பேச்சு படிப்பாள். பதிலுக்கு ஊர் வழக்கங்களைச் சொல்லிக் கொடுப்பாள். இந்த வாரப் பாடம் ‘மா’. வருவது.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியலுக்குப் போன வீரமுத்து, நேற்று சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் அடியில் சிக்கிச் செத்துப்போனான். வழியெல்லாம் மரங்கள் கிடந்ததால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இன்னும் வரவில்லை.

“புள்ளத்தாச்சிம்மா. பொணம் வர்ற வரைக்கும் அவளுக்குத் தெரிய வாணாம். எப்பவும்போல போயி பாடம் படி” என்று அப்பா அனுப்பியிருந்தார்.

எப்போதும் வந்ததும் டீ வரும். இன்று அடுப்பே பற்றவில்லை. மறியலில் மண்ணெண்ணெய் கிடைத்திருக்காது என்று ராதிகா நினைத்துக்கொண்டாள்.

“நடுவுல ‘ஜா’வ எடுத்துட்டு ‘மை’ போட்டா, இல்லன்னு அர்த்தம்” என்றாள் நொக். “காவ் மை மா. அவர் வர்ல. சொல்லு.”

“அது வாணாம் அண்ணி.”

“இன்னாத்துக்கு? நாக்கு சுளுக்கிக்குமா?”

“நாளைக்கிப் படிக்கிறேன்.”

நொக் அவளையே பார்த்தாள். “எப்பனா ஒருநாள் சொல்லித்தான ஆவணும்?”

ராதிகா நோட்டை இழுத்து வேறு வாக்கியம் எழுதினாள். ‘சான் மா. நான் வருகிறேன்.’ சொட்டு விழுந்து பேனா மை கலங்கியது. நொக் நோட்டை வாங்கி மூடி, அவள் தலையை மெல்லத் தடவினாள்.

இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் கத்திவிடுவோம் என்று தோன்றியது. வரும்போது வரப்பு வழியாகப் பின்பக்கம் நுழைந்த ராதிகா, இப்போது அவசரமாக முன்வாசலில் இறங்கினாள்.

“போயிட்டு வர்றேன் அண்ணி.”

வேலியோரம் அண்ணனின் சைக்கிள் சாய்ந்திருந்தது. அவன் மறியலுக்கு எடுத்துப்போன சைக்கிள். ஹேண்டில்பாரில் புளிய இலைகள் ஒட்டியிருந்தன. யார் கொண்டுவந்து விட்டார்கள்?

பின்னாலிருந்து நொக்கின் குரல் கேட்டது.

“சாவு வூட்ல சொல்லிக்கினு போவக் கூடாது, ராதிகா.”