மன்னிப்புக் கேட்கத் தெரிந்த பிள்ளை

கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன பிறகுதான் அந்த அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வந்தவள் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

இந்த மாதிரி அம்மாக்களைக் கண்டாலே இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றுப் போட்டால் போதும், மிச்சத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்கிற நினைப்பு. வரச்சொன்ன போதெல்லாம் ஒரு சாக்கு. படியில் சறுக்கிவிட்டாளாம். உடம்பு சரியில்லையாம். போன மாதம் பல்வலியாம். பல் டாக்டர் பெண்டாட்டிக்குப் பல்வலி! டீச்சர் சொல்லச்சொல்ல ஆசிரியர் அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

இன்றைக்கு மகன் ஒரு பெண்பிள்ளையைக் கன்னம் வீங்க அறைந்திருக்கிறான். பெற்றவளுக்கு வாயைத் திறந்து ‘ஏன்டா’ என்று கேட்கத் துப்பில்லை.

அறை வாங்கியவள் மேசையோரம் நின்றாள். வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். என் கலர் பென்சிலை ஏன் கேட்காமல் எடுத்தாய் என்று அவனிடம் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். இப்போது அந்த வாய் பூட்டிக் கிடந்தது.

நல்லவேளை, டாக்டரும் வந்திருந்தார். கிளினிக்கில் ஆட்களை உட்காரவைத்துவிட்டு ஓடிவந்தாராம். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. வந்ததும் வராததுமாக வாயாடியின் பக்கத்தில் குனிந்து கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். ஐஸ் வைத்தீர்களா என்று கேட்டார். நாளைக்குள் வீக்கம் வடிந்துவிடும், தடம்கூடத் தெரியாது என்றார்.

இதுவல்லவா பொறுப்பு என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

“எல்லாம் இவ குடுக்குற செல்லம் டீச்சர். நான் பாதி நாள் வீட்லயே இல்ல. என்ன பண்ணச் சொல்றீங்க?”

டீச்சர் அந்த அம்மாளைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்தது பார், ஒரு மண்ணாந்தை. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்ற உறைப்புகூட இல்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

டாக்டர் மகனின் தோளில் கைவைத்தார். மன்னிப்புக் கேள் என்றுகூடச் சொல்லவில்லை.

பையன் தானாகவே நடந்துபோய் வாயாடியின் முன்னால் நின்றான்.

பிள்ளைகள் மன்னிப்புக் கேட்கும் லட்சணம் டீச்சருக்குத் தெரியும். காலால் தரையைத் தேய்த்து, மூக்கை உறிஞ்சி, பாதிச் சொல்லை விழுங்கி ஒப்பேற்றுவார்கள். இவன் அந்த ரகமில்லை. அவள் மோவாயை இரண்டு விரலால் மெல்லத் தூக்கினான். குரலைத் தாழ்த்தினான்.

“வேணும்னு அடிக்கல. நீ எதிர்த்துப் பேசலன்னா எனக்கு ஏன் கோவம் வருது? சரி, அழாத. போய் மூஞ்சியக் கழுவிக்க. யார்கிட்டயும் சொல்லமாட்டல்ல?”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முளைத்து மூன்று இலை விடவில்லை, பேச்சைப் பார்! அப்பாவின் பக்குவம் அப்படியே வந்திருக்கிறது. அந்தப் பெருமையில் அவரும் சிரிப்பார் என்று திரும்பினாள்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயாடி பதில் சொல்லவில்லை.

பதில் நாற்காலியின் நுனியிலிருந்து வந்தது.

“சொல்லமாட்டேங்க.”

கேட்டது யார் என்று அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு, முகம் கழுவ எழுந்தாள்.